காட்டெருமைத் துப்பாக்கிக்கு மூன்றாம் முறையாக அளவு மாற்றுவது குறித்து

என் தாயுடன் பிறந்தவரும், புலவாயோ நகரத்துத் துப்பாக்கிப் பட்டறையில் கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால் நிற்பவருமான சியாமுவிசா மாமாவுக்கு, பள்ளத்தாக்கு வேட்டை முகாமிலிருந்து மருமகன் லுயாண்டோ தலை தாழ்த்தி எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அத்தையின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்க வேண்டும். அம்மா சுகம். சோளம் பாதி தேறியது. மீதியை, நான் எந்த மிருகத்துக்காகத் துப்பாக்கி கேட்கிறேனோ, அந்த மிருகமே தின்றுவிட்டது.

விஷயம் குழலைப் பற்றியது. நீங்கள் தேடிப் பிடித்த பழைய துப்பாக்கியில் துருப்பிடித்த குழலைக் கழற்றிவிட்டுப் புதுக்குழல் மாட்டித் தருவதாகச் சொன்னீர்கள். முதல் கடிதத்தில் குழல் துளையின் அளவு 375 காலிபர் என்று எழுதினேன். இரண்டாம் கடிதத்தில் 416 என்று மாற்றினேன். இந்தக் கடிதம் மறுபடியும் 375 என்று சொல்வதற்கு. துளையைப் பெரிதாக்கலாம், பெரிதாக்கியதைச் சிறிதாக்க முடியாது என்று நீங்கள் கோபத்தோடு எழுதியது மறக்கவில்லை. இன்னும் இயந்திரத்தில் ஏற்றாமல் இருந்தால் தயவுசெய்து ஏற்றாதீர்கள், ஏற்றியிருந்தால் நிறுத்துங்கள். அக்டோபரில் வேட்டையாளர் பரீட்சை. சொந்தத் துப்பாக்கியோடு போய், தேர்வாளர்கள் பார்க்க ஒரு காட்டெருமையை ஒழுங்காக வீழ்த்த வேண்டும். வீழ்த்தினால் லைசென்ஸ். இல்லாவிட்டால் அடுத்தவன் சுடுவதற்குத் தடம் பார்த்துக் கொடுத்தே நரைக்க வேண்டும். அதனால்தான் இத்தனை குழப்பம்.

குழப்பத்துக்கு நான் மட்டும் காரணம் இல்லை. காலிபர் என்று வாயைத் திறந்தால் போதும், இந்த முகாமில் சட்டிகூடப் பேச வந்துவிடும். முதலாளி ராய் கெட்டில், "375 போதும்டா. எங்கப்பா அத வெச்சு யானையே சாய்ச்சாரு" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் சமையல்காரர் முடெண்டா கரண்டியோடு வந்து, "375-ஆ? எருமைக்கு அது கொசுக்கடி. 458 வாங்கு. செத்தாலும் சத்தத்தோட சாவ" என்றார். போன மாதம் வந்த ஒரு விருந்தாளி இரண்டுக்கும் நடுவில் 416தான் புத்திசாலித்தனம் என்றும், மிச்சத் தோட்டாக்களை எனக்கே விட்டுப்போவதாகவும் சொன்னார். தோட்டா எங்களுக்கு அப்படித்தானே வருகிறது, யாரோ மிச்சம் வைத்தால்! அதை நம்பித்தான் இரண்டாம் கடிதம். அவர் மிச்சம் வைத்துப்போனது ஒரு ஜோடி காலுறை. என்னோடு தடம் பார்க்கும் சிமுயெம்பாவிடம் குழல் நீளம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டேன். அவர் குலத்துக்கும் நம் குலத்துக்கும் கேலி உறவு என்பது உங்களுக்குத் தெரியும். நாம் செத்தால் சிரித்துக்கொண்டே குழி தோண்ட வேண்டியவர்கள் அவர்கள். "நீளமா இருந்தா புதர்ல மாட்டும், குட்டையா இருந்தா காது போகும். எப்படியும் நீ எருமைக்கு முதுகக் காட்டித்தான் ஓடப்போற மாப்ள. கனம் கம்மியா இருக்கறதாப் பாத்து வாங்கு" என்றார்.

இந்த நிலைமையில், எருமை வேட்டைக்குப் பணம் கட்டிய ப்ரீஸ் வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் வீடுகளுக்குக் கூரை போட்டுப் பெரிய ஆளானவர். அவருடைய துப்பாக்கி வந்து இறங்கியதைப் பார்க்க முகாமே கூடியது. குழல் முழுக்க நீளவாக்கில் வரிவரியாகச் செதுக்கி, நுனியில் அவர் பெயரின் முதலெழுத்தை வெள்ளியில் பதித்திருந்தார்கள். "இந்தக் குழலுக்காக ரெண்டு வருஷம் காத்திருந்தேன் தம்பி. எருமைக்குன்னே நானே யோசிச்சு உருவாக்கின காலிபர். உலகத்துல வேற யார்கிட்டயும் கிடையாது" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஏனென்றால் தோட்டாப் பெட்டியை விமானக்காரர்கள் வேறு ஏதோ நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அந்தத் தோட்டா ஒன்றுகூட இந்த நாட்டில் எந்தக் கடையிலும் இல்லை. முதலாளி வானொலிக் கருவியில் தலைநகரம் வரை கத்திப் பார்த்தார். கடைசியில் தன் 375-ஐ ப்ரீஸிடம் கொடுத்துவிட்டு, தானே 458-ஐ எடுத்துக்கொண்டார். ப்ரீஸ் அதைக் கையில் வாங்கிய விதம், யாரோ உடுத்திய உள்ளாடையைக் கொடுத்ததுபோல் இருந்தது.

அவர் சுட்டது வயிற்றில் பட்டது. காட்டெருமை அடர்ந்த புதருக்குள் போய்விட்டது. பின்தொடர்ந்தோம். வரிசையைச் சொல்கிறேன், கேளுங்கள். முன்னால் சிமுயெம்பா, கையில் ஒரு குச்சி. அடுத்தது நான், தோளில் தண்ணீர்ப் பை. எங்களுக்குப் பின்னால் முதலாளி, 458. எல்லோருக்கும் பின்னால் ப்ரீஸ், 375. தடம் பார்க்கிறவன் முன்னால் போக வேண்டும் என்பது நியாயம். தடம் பார்க்கிறவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று எந்த எருமை கேட்டது மாமா? அந்த மிருகம் தன் தடத்தைச் சுற்றி வந்து பக்கவாட்டில் காத்திருந்தது. புதர் முறியும் சத்தம் கேட்டபோதே சிமுயெம்பாவைத் தூக்கி எறிந்துவிட்டது. முதலாளி சுட்டார், குண்டு மரக்கிளைக்குப் போயிற்று. அவசரத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றும் பிடியைப் பாதிதான் பின்னால் இழுத்தார், தோட்டா ஏறவில்லை. மறுபடி விசையை அழுத்தினார். டிக். முடெண்டா சொன்ன அந்தப் பெரிய சத்தம் அவ்வளவுதான். ப்ரீஸ் 375-ஐக் கீழே போட்டுவிட்டு முள்மரத்தில் ஏறினார். அந்த மரத்தில் குரங்கே ஏறாது. நான் எடுத்துச் சுட்டேன். வீரம் என்று நினைக்காதீர்கள், பாதி கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன். கழுத்தில் பட்டது. அது சிமுயெம்பாவின் கால்கள் மேலேயே சாய்ந்தது. விலா எலும்பு உடைந்து, தொடை கிழிந்து கிடந்த மனிதர் மூச்சு வாங்கியபடி, "என்மேல விழணும்னே குறி வெச்சியா மாப்ள? உங்க குலப் புத்தி போகுமா?" என்றார். நான் அழுதுகொண்டே எருமையைத் தள்ளினேன்.

முதலாளி வந்து, எருமையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சுட்டது ப்ரீஸ் சார். புரியுதா? உங்கிட்ட லைசென்ஸ் இல்ல. நீ துப்பாக்கியத் தொட்டதே குத்தம்."

"சிமுயெம்பா அண்ணன், பாஸ்?"

"அவன் இன்னிக்கு வேலைக்கே வரல. தேன் எடுக்கப் போன இடத்துல எருமை முட்டிடுச்சு. வேலைல அடிபட்டான்னு எழுதினா எனக்குத்தான் கேஸ், அவன் ஆயுசுக்கும் நான் சோறு போடணும். நீ வாயை மூடிட்டு இரு. அக்டோபர் பரீட்சைக்கு நானே கையெழுத்துப் போடறேன்."

அதன்பிறகு படம் எடுத்தார்கள். ப்ரீஸ் தன் உடம்பிலிருந்து முள்ளைப் பிடுங்கிவிட்டு, முகாமிலிருந்து தன் வரிபோட்ட குழலை வரவழைத்து, அதை எருமையின் கொம்புகளுக்கு நடுவே சாய்த்துவைத்து மண்டியிட்டார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு தோட்டாவின் முகத்தைக்கூடப் பார்க்காத துப்பாக்கி அது. எருமையின் மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, தலை சாயாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அது நான். படத்தில் என் விரல்கள் மட்டும் தெரியக்கூடும்.

சாயங்காலம் முகாமில் எல்லோரும் இறைச்சி தின்றபடி காலிபரைப் பற்றியே பேசினார்கள். முடெண்டாகூடத் தன் கட்சியை விட்டு 375-க்கு வந்துவிட்டார். சிமுயெம்பாவைக் கொண்டுபோய்ப் போட்ட ஆஸ்பத்திரிக்கு யார் போவது என்று ஒருவரும் பேசவில்லை. நான் முதலாளியிடம் தலையாட்டிவிட்டேன் மாமா. லைசென்ஸ் கையில் வந்தால் என் வரிசையில் முன்னால் நடப்பவனுக்கும் ஒரு துப்பாக்கி கொடுப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்னால் போகிறவனாக இனிமேல் சிமுயெம்பா நடப்பாரா என்பது வேறு கேள்வி.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: 375 காலிபர். குழல் நீளம் இருபத்திரண்டு அங்குலம். வரி வேண்டாம், வெள்ளி வேண்டாம். இனி மாற்ற மாட்டேன். நம் முன்னோர்கள் உங்கள் விரல்களை இயந்திரத்தின் வாயிலிருந்து காக்கட்டும், அத்தைக்கு நடை திரும்பட்டும், பிள்ளைகள் உங்களைவிட உயரமாக வளரட்டும்.

உங்கள் சகோதரியின் மகன்,
லுயாண்டோ முன்சாக்கா

பின்குறிப்பு: பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குச் சிமுயெம்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வனவிலங்குத் துறை அதிகாரி ஒருவர் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தேன் எடுக்கப் போனீங்களாமே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிமுயெம்பா என்னைப் பார்த்தார். என் பரீட்சை விஷயம் அவருக்குத் தெரியும். "ஆமா சார், தேனீக்குக் கொம்பு கொஞ்சம் பெருசா இருந்துச்சு" என்று சொல்லிச் சிரிக்கப்போய், விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளுத்துப்போனார். நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்ன காலிபர்?" என்று அதிகாரி கேட்டார். அதற்கு மட்டும் நீளமாகவே பதில் சொன்னேன். "லைசென்ஸ்?" என்றார். இல்லை என்றேன். அடுத்த வாரம் பிங்காவில் எனக்கு விசாரணை. முகாமில் என் போர்வையை வெளியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஆகவே மேலே எழுதியதில் எதையும் பொருட்படுத்த வேண்டாம். குழலில் எந்தத் துளையும் போட வேண்டாம். துப்பாக்கி இல்லாமல் நீங்கள் மட்டும் வாருங்கள். என் பக்கத்தில் நிற்கத் தாய்மாமன் வேண்டும். அதிகாரி எழுதியதைக் கட்டிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்துவிட்டேன்: சிமுயெம்பா, தடம் பார்ப்பவர், வேலையில் இருந்தபோது அடிபட்டார்.