ரோட்டுக்குள் போன வாத்து

வாத்து மறுபடியும் ரோட்டுக்குள் போய்விட்டது.

முதலில் கால், அப்புறம் வயிறு, கடைசியாக மஞ்சள் மூக்கு. சேற்றில் இறங்குவது போல நிதானமாக இறங்கித் திரையிலிருந்து மறைந்தது. மேலே பஸ்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

காபிக் கோப்பையோடு வந்த முதலாளி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவளின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வாத்தைக் காணோம்?"

"இருக்கு சார். உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"ரோட்டுக்குள்ள."

"ஓ... சுரங்கப்பாதையா? நல்லா இருக்கே!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய் திறந்தால் கடகடவென்று கொட்டுவாள், கீபோர்டிலும் அதே வேகம். அதனால் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில் அவளுக்குக் 'கடகடா' என்றே பெயர். சின்னக் கம்பெனி என்றால் முதலாளி, அவள், படம் வரைகிற தாடிக்காரர், அவ்வளவுதான். குழந்தைகள் ரோட்டைக் கடக்கப் பழகுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருந்தது. வாத்து இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடக்க வேண்டும். அவ்வளவு எளிது.

எளிதாகத்தான் இருந்தது, முதலாளி அந்தக் கூட்டத்தைக் கூட்டும் வரை.

"புதுசா ஒரு கேம் எஞ்சின் வந்திருக்காம். எது விழணும், எது மோதணும், எது நகரணும், எல்லாக் கணக்கையும் அதுவே பாத்துக்குமாம். நம்மள்ல யாருக்காவது அது தெரியுமா?"

"தெரியுமே சார்!"

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய் என்று அவளுக்கே தெரிந்தது. 'புதுசு' என்று காதில் விழுந்தால் போதும், அவளுக்குக் கால் தரையில் நிற்காது. மூளை செருப்பு மாட்டுவதற்குள் நாக்கு தெருமுனைக்குப் போய்விடும். உண்மையில் அந்த எஞ்சினைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அதன் பெயர் மட்டுமே. அதுவும் முதலாளி சொல்லித்தான்.

சரி, கையேட்டைப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உதவிப் பக்கங்களைத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் பெரிய தலைப்பு, அதற்குக் கீழே ஒரே வரி: 'இந்தப் பகுதி விரைவில் எழுதப்படும்.' மோதல்கள் பற்றிய பக்கத்தில் மட்டும் கூடுதலாக இன்னொரு வரி இருந்தது: 'இது மிகவும் சுலபம்.' யார் செய்தது, யாரிடம் கேட்பது என்று எங்குமே இல்லை.

வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். கடகடா கைகளைத் தேய்த்துக்கொண்டாள். பூட்டிய வீட்டில் சாவிக்கொத்தோடு தன்னைத் தனியே விட்டுவிட்டுப் போனது போல அவளுக்கு இருந்தது.

'திடம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். ரோட்டுக்குள் இருந்த வாத்து பீரங்கிக் குண்டாகக் கிளம்பி வானத்துக்குப் போனது.

"ஐயோ! வெளிய வந்துடுச்சு!" என்று நாற்காலியை விட்டுத் துள்ளினாள்.

"வெளிய இல்லீங்க, மேல," என்றார் தாடிக்காரர்.

எடையைக் கூட்டினால் இறங்கும் அல்லவா? கூட்டினாள். வாத்து இன்னும் உயரே போனது. யானை எடை கொடுத்தாள். மேகத்தையும் தாண்டிப் போய்விட்டது. கடகடாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. இந்த எஞ்சினில் எண் கூடக் கூட எடை குறைகிறது! யார் செய்த புண்ணியமோ, தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார்கள்!

"அப்ப பூஜ்யம் போட்டா?" தாடிக்காரருக்கும் இப்போது சூடு பிடித்துவிட்டது.

பூஜ்யம் போட்டாள். வாத்து பொத்தென்று ரோட்டில் வந்து நின்றது. இருவரும் கைதட்டினார்கள். கைதட்டி முடிப்பதற்குள் பஸ்கள் தடம் மாறி வாத்தை நோக்கி வந்தன. பிறகு விளக்குக் கம்பங்கள். பிறகு மரங்கள். கடைசியில் பள்ளிக்கூடக் கட்டடமே வேரோடு பெயர்ந்து வந்து வாத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

"நான் வரைஞ்ச ஊரையே தின்னுடுச்சு!" என்று தாடிக்காரர் தாடியைப் பிடித்துக்கொண்டார்.

"அழகா இருக்குல்ல?" என்றாள் கடகடா. அவள் கண்கள் பளபளத்தன.

அப்படியே முட்டி மோதி, மறுநாள் மத்தியானம்தான் விஷயம் பிடிபட்டது. எஞ்சின் பஸ்ஸை மதித்தது, மரத்தை மதித்தது, வாத்தை மட்டும் மதிக்கவே இல்லை. காரணம், அவள் வாத்துக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. அதில் 'வாத்து' என்று அடித்தாள்.

வாத்து ரோட்டின் மேல் நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, கம்பீரமாக நடந்து எதிர்ப்புறம் போய்ச் சேர்ந்தது.

ஆபீஸே அதிர்ந்தது. முதலாளி ஓடி வந்தார். "தெரியும்னு சொன்னப்பவே நெனச்சேன்! நாளையிலேருந்து எங்களுக்கும் கத்துக்கொடும்மா!"

கடகடாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவன், எதற்கும் பதறாத ஆள்.

"தெரியாதுன்னு சொல்லிடேன்."

"சொன்னேன். அடக்கம்னு நெனச்சுக்கிட்டார்."

"சரி, டாக்டர் கையெழுத்து புரியலைன்னா நான் என்ன பண்றேன்னு நெனக்கிற?"

"என்ன பண்ணுவீங்க?"

"வந்தவர்கிட்டயே கேட்டுடுவேன். 'உங்களுக்கு என்ன பண்ணுது, டாக்டர் என்ன சொன்னார்?' அவர் பேசப் பேசச் சீட்டு புரிஞ்சிடும்."

அந்தத் தந்திரம் கச்சிதமாக வேலை செய்தது. தாடிக்காரர் என்ன கேட்டாலும், "அருமையான கேள்வி. நீங்களே செஞ்சு பாருங்க, என்ன ஆகுதுன்னு எனக்குச் சொல்லுங்க," என்றாள். அவர் செய்து பார்த்தார். ஒருமுறை மழை பெய்தது, ஒருமுறை பஸ்கள் பின்னால் போயின, ஒருமுறை கம்ப்யூட்டரே அணைந்துபோனது. எல்லாவற்றையும் கடகடா மனதில் போட்டுக்கொண்டு, "நான் எதிர்பார்த்ததுதான்," என்று தலையாட்டினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. 'இந்த எஞ்சினைக் கரைத்துக் குடித்த நிபுணர் எங்களிடம் இருக்கிறார்' என்று ஊரறிய இணையத்தில் போட்டுவிட்டார். சில நாளில் குதித்துக்கொண்டே வந்தார்.

"பெரிய கம்பெனி ஒண்ணு கூப்பிடுதும்மா! அவங்க ஆளுங்களுக்கு நீ ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுக்கணும்!"

"சார், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"இந்த அடக்கம்தாம்மா உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே. பாடம் பிடிச்சிருந்தா பெரிய வேலை ஒண்ணு தரேன்னு சொல்லியிருக்காங்க. இந்தப் பள்ளிக்கூட வேலைக்கு அப்புறம் நம்ம கையில வேற ஒண்ணுமே இல்ல, தெரியும்ல?"

தெரியும். அது மட்டும் அவளுக்கு நிஜமாகவே தெரியும்.

கண்ணாடிக் கட்டடம். லிஃப்ட்டில் ஏறும்போது பயத்தில், 'நான் எதிர்பார்த்ததுதான்' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வரவேற்பில் இருந்த பெண்தான் கூட வந்து கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே நீளமான மேஜை, சுற்றிலும் மூக்குக் கண்ணாடிகள். நரைத்தவர், வழுக்கையானவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர். யாரும் சிரிக்கவில்லை. பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வேறு வழி? வாத்தைத் திறந்தாள்.

"முதல்ல எடை. எண்ணைக் கூட்டினா எடை குறையும்."

அறையில் சலசலப்பு. "குறையுமா?" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். வழுக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். வாத்து வானத்துக்குப் போனது.

"அதான் அன்னிக்குக் கப்பல் பறந்துச்சா?" என்றார் நரைத்தவர், தழுதழுத்த குரலில்.

எந்தக் கப்பல் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த தவிப்பு அவளுக்கு நன்றாகவே புரிந்தது. பயம் மெல்ல விலகியது. நாக்கு வழக்கம்போலக் கிளம்பிவிட்டது.

"இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க! பேர் வைக்காத எதையும் இந்த எஞ்சின் மதிக்காது!"

ஒருவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டார். "பேரா? வெறும் பேரா?" என்று ஓர் அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்த ஓரத்துல சிவப்புப் பொத்தான் இருக்கே, அது எதுக்கு மேடம்?" என்றார் வழுக்கைக்காரர்.

அதை அவள் இதுவரை தொட்டதே இல்லை. "அருமையான கேள்வி. நீங்களே அழுத்திப் பாருங்க."

அழுத்தினார். திரையில் ராத்திரி வந்தது, விளக்குகள் எரிந்தன, ஊர் முழுக்க நட்சத்திரம். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லாரையும்விட உற்சாகமாகக் கைதட்டியவள் கடகடாதான்.

தேநீர் இடைவேளையில் வராந்தாவுக்கு வந்தபோது மனசாட்சி பிடித்துக்கொண்டது. இவ்வளவு நல்ல மனிதர்களை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. வரவேற்புப் பெண் பிஸ்கட் தட்டை நீட்டினாள்.

"உங்க கிளாஸ் பிரமாதமாம் மேடம். எல்லாரும் அதையேதான் பேசறாங்க."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "உங்ககிட்ட மட்டும் ஒரு உண்மையைச் சொல்லிடறேன்மா. எனக்கு அந்த எஞ்சின் சரியாவே தெரியாது. தட்டித் தடவிக் கத்துக்கிட்டதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நல்ல காலம், அதைச் செஞ்சவங்க யாரும் இங்க இல்ல. இருந்திருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும்."

வரவேற்புப் பெண் குழப்பத்தோடு அவளைப் பார்த்தாள்.

"செஞ்சவங்களா? காலையிலேருந்து உங்க முன்னாடி உக்காந்து எழுதிக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான் மேடம்!"