முதல் துளையில் சந்தனம்

திருவண்ணாமலை
9.10.1998

அன்புள்ள மைத்துனர் பரசுராமன் அவர்களுக்கு,

கோதண்டராமன் எழுதிக்கொள்வது. உங்கள் அக்கா தங்கம்மாளும் நானும் சுகம். அவளுடைய மூட்டு வலி மட்டும் மழைக்கு முன்பே வந்துவிட்டது. இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியனான என்னை, உங்கள் நண்பரான தாளாளரிடம் சொல்லி வேங்கிக்கால் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் ஆய்வுக்கூடப் பொறுப்பில் சேர்த்துவிட்டீர்கள். அந்த வேலை இப்போது போகப்போகிறது. காரணம், நெட்வொர்க் அனலைசர் என்ற கருவி.

அதன் உள்ளே பிறக்கும் ரேடியோ அலையின் அதிர்வெண் படிப்படியாக ஏறும். புறப்படும்போதே அதில் கொஞ்சத்தைப் பிரித்துச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை முன்பக்கத்து இரண்டு துளைகளில் முதலாவதன் வழியாகச் சோதிக்கும் பொருளுக்கு அனுப்பும். பொருள் ஏற்காதது திரும்பி வரும். வழியில் நிற்கும் கப்ளர், போகிற அலையை விட்டுவிட்டு வருகிற அலையை மட்டும் ஒதுக்கித் தரும். இரண்டும் நொடிக்குக் கோடிக்கணக்கில் துடிப்பதால் இன்னொரு அலையோடு கலந்து வேகத்தைத் தணித்து, வந்ததைப் போனதால் வகுத்து, எவ்வளவு திரும்பியது, எவ்வளவு பிந்தியது என்று திரையில் கோடு போடும். இதை விளக்கியபோது தாளாளர், "போனது திரும்பி வருதானு பாக்கவா சார் இவ்ளோ பெரிய பெட்டி?" என்றார்.

செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் ஆய்வுக்குழு வந்தது. வந்த அலையையெல்லாம் விழுங்கிவிடும் லோடு என்ற சிறு மூடியைத் துளையில் மாட்டினேன். கோடு அடியில் கிடக்க வேண்டும், உச்சியில் நின்றது. அனுப்பியதெல்லாம் திரும்புகிறதாம். கழற்றி மாட்டினேன், துடைத்து மாட்டினேன், வியர்த்து மாட்டினேன், கோடு அசையவில்லை. குழுவில் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்து, "என்ன சார், உள்ள பொட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். ஆயுத பூஜைச் சந்தனம், நடு ஊசியை மூடிக் காய்ந்து கிடந்தது, மேலே குங்குமம் வேறு.

"யாருய்யா வெச்சது?" என்று தாளாளர் கத்தினார். பூஜை ஏற்பாடெல்லாம் அட்டெண்டர் முருகையன்தான் என்றேன். யார் வைத்தது என்று எனக்கு நினைவில்லை. முருகையன் என்னைப் பார்த்தார். அவரை அன்றே நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வை செய்யாத குற்றத்துக்கு எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். பிழை அவருடையது என்று தாளாளரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை நிற்கும்.

ஒன்று சொன்னால் கோபிக்க வேண்டாம். எதை அனுப்பினாலும் விழுங்கிவிட்டு எதையும் திருப்பாத லோடைத்தான் மிக உயர்ந்த தரம் என்போம். உங்களைப் போன்ற ஒன்று எங்கள் கல்லூரியில் கிடையாது.

குழந்தை அபிநயாவுக்கு எங்கள் ஆசிகள். அண்ணாமலையார் உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும்.

தங்கள்,
கோதண்டராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் குறிப்பேட்டைப் புரட்டினேன். பூஜை நாள், காலை 10.40: "அனலைசர், இரண்டு துளைக்கும் சந்தனம், குங்குமம். வைத்தது நான். 'உள்ள போயிடும் சார், மேல வெச்சா போதும்' என்றார் முருகையன். ஏற்கவில்லை." என் கையெழுத்துதான். நினைவில்லை என்று மேலே எழுதியதும் முழு உண்மை அல்ல. இக்கடிதத்தைத் தாளாளரிடம் காட்டுங்கள். இந்தப் பக்கத்தை முதலில். முருகையன் வேலைக்குத் திரும்பட்டும். துளைகளையும் அவரே சுத்தம் செய்யட்டும். அதுவரை அந்தப் பெட்டியை நான் தொடமாட்டேன்.