வின்கோவின் பீட்ரூட் புரட்சி

ஜூலை மாதத்து மத்தியானம் ஒன்றில், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, வின்கோ புரட்சி செய்வது என்று தீர்மானித்தான்.

தட்டில் பொரித்த மத்தி. பக்கத்தில் பிளித்வாக் கீரை. உருளைக்கிழங்கோடு வெந்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மினுமினுக்க, நனைந்த போர்வை மாதிரி சுருண்டு கிடந்தது. நேற்றும் அதே கீரைதான். முந்தாநாள் மத்திக்குப் பதில் கணவாய். கீரை மட்டும் மாறவில்லை. தேனிலவுக்குப் போன இடத்தில்கூட நெதில்கா கைப்பையிலிருந்து ஒரு கட்டுக் கீரை எடுத்தாள் என்று அவன் நண்பர்களிடம் சொல்வான். அது மிகை. அரைக்கட்டுதான்.

"நெதில்கா."

"ம்."

"நான் என்ன மாடா?"

"ஏன், கொம்பு முளைக்குதா?"

"தினமும் தழையா போடுறியே!"

"மாடு தின்னுட்டு உழும். நீங்க தின்னுட்டுத் தூங்குறீங்க. மாட்டை ஏன் கேவலப்படுத்தணும்?"

அவள் பெயருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று பொருள். அதைக் கேட்டு ஏமாந்துதான் கட்டிக்கொண்டான். ஓய்வெல்லாம் பெயரோடு சரி.

ப்ராச் தீவுக்கும் ஸ்பிளிட் நகரத்துக்கும் இடையே வண்டிகளை ஏற்றிப் போகும் கப்பலில் அவனுக்கு வேலை. அங்கே அவன் கையை உயர்த்தினால் லாரி நிற்கும். வீட்டில் கையை உயர்த்தினால், "இன்னும் ஒரு கரண்டியா?" என்று கீரை விழும்.

அவன் பிறந்தது ஸ்லவோனியாவில். கடலே கண்ணில் படாத கறுப்பு மண் பூமி. அங்கே சாப்பாட்டு மேசையில் வினிகரில் ஊறிய பீட்ரூட், வட்டம் வட்டமாக, சர்ச் ஜன்னல் கண்ணாடி போல ஒளிவிடும். குளிர்காலத்தில் ஆளில்லாமல் போகும் கப்பலில் நின்று கரை விலகுவதைப் பார்க்கும்போதெல்லாம் வின்கோவுக்கு ஒன்று தோன்றும். மனுஷனுக்குச் சொந்த ஊர் கூட வேண்டாம், அந்த ஊர்த் தொடுகறி ஒன்று போதும்.

எரிகிற நெருப்பில் தம்பி பாவோ போனில் எண்ணெய் ஊற்றினான்.

"அண்ணே, நவம்பர்ல மார்ட்டின் திருநாளுக்கு வர்றேன். இந்தத் தடவையும் தீவனம்தானா? உன் தோட்டத்துல உன் ஆசைக்கு ஒரு கிழங்காவது விளைஞ்சிருக்கா?"

"வா. என் தோட்டத்துப் பீட்ரூட்டை என் கையால பிடுங்கி உன் தட்டுல வைக்கிறேன்."

"வைக்கலைன்னா?"

"நெதில்காதான் இந்த வீட்டுத் தலைவின்னு எல்லார் முன்னாலயும் ஒத்துக்கறேன்."

"அது கப்பல்ல வர்ற ஆட்டுக்குட்டிக்கும் தெரியுமே. வேற சொல்லு."

"அப்போ கீரையை மூணு தரம் வாங்கிச் சாப்பிடறேன். ஒவ்வொரு தரமும் 'ஆகா'ன்னும் சொல்றேன்."

"இது பந்தயம்!" என்றான் பாவோ.

வருவது பாவோ. படப்போவது பாவம், வின்கோ.

ஆனால் வின்கோவிடம் திட்டம் இருந்தது. பிளித்வாவும் பீட்ரூட்டும் கூடப்பிறந்தவை. ஒன்று இலையில் பெருத்தது, மற்றது வேரில் பெருத்தது, அவ்வளவுதான். விதையைப் பார்த்தால் எது எது என்று அந்த விதைக்கே தெரியாது. இரண்டுமே பழுப்பாக, முண்டும் முடிச்சுமாக, பிய்த்துப்போட்ட தக்கைத் துணுக்கு மாதிரி இருக்கும். நெதில்கா தன் அம்மா வழியில் வந்த கீரை விதையை அடுக்களையில் ஒரு காப்பி டப்பாவில் வைத்திருந்தாள். டப்பா இருக்கட்டும். உள்ளே இருப்பதை மாற்றிவிட்டால்?

ஸ்பிளிட் சந்தையில் ஒரு பீட்ரூட் விதைப் பொட்டலம் வாங்கினான். வீட்டில் நெதில்காவின் கண் படாத இடம் எது? யோசித்து யோசித்து, தன் கனத்த குளிர்காலக் கோட்டின் உள்பையில் ஒளித்தான். ஜூலை வெயிலில் கோட்டை யார் தொடப்போகிறார்கள்!

ஞாயிறு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனாள். வின்கோ டப்பாவைக் கவிழ்த்து, அதிலிருந்த விதையை மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு லூத்சேயின் கோழிகளுக்கு வீசினான். கோழிகள் ஒன்றைக் கொத்தின, துப்பின, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தன. 'உங்களுக்குமா சலிச்சுப்போச்சு?' என்று அவற்றைக் கேட்டுவிட்டு, பொட்டலத்தை டப்பாவில் கொட்டி, வெறும் உறையைக் கிழித்துக் கடலில் போட்டான். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு குற்றம் செய்த சந்தோஷத்தில் சீழ்க்கை அடித்தான்.

"இந்த வருஷம் கீரையை நானே விதைக்கிறேன்," என்றான் மனைவி வந்ததும்.

நெதில்கா தலைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். "நெஜமாவா? பின்னாடி பாத்தி பூரா கல்லாச்சே. பொறுக்குங்கன்னு எத்தனை வருஷமா கெஞ்சுறேன்."

"பொறுக்கிடலாம்."

"ஆழமா கிளறுங்க. அப்பத்தான் வேர் நல்லா இறங்கும்."

வேர்! அந்த ஒரு சொல்லில் வின்கோ மயங்கிப்போனான். அந்தத் தீவில் மண்ணைத் தோண்டினால் கல் வரும், கல்லைத் தோண்டினால் இன்னொரு கல் வரும். எல்லாவற்றையும் தோண்டி எடுத்தான். எடுத்த கல்லை என்ன செய்வது என்று கேட்டான். சரிந்துகிடந்த மதிலைக் கட்டலாமே என்றாள். கட்டினான். மழைநீர்த் தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தான். கடற்பாசி அள்ளிவந்து உரமாகப் போட்டான். வேர் வரும் வேர் வரும் என்று உழைத்தான். வேர்வைதான் வந்தது.

நெதில்கா அத்திமரத்து நிழலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்தபடி, "அந்த மூலையில ஒரு கல்லு பாக்கி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதிலுக்கு மேலே லூத்சேயின் தலை எட்டிப் பார்த்தது. "நெதில்கா, அது யாரு, கூலிக்கு ஆள் வச்சிருக்கியா?"

"இல்லக்கா, நம்ம வீட்டு ஆளுதான். திடீர்னு ஞானம் வந்துடுச்சு."

"எங்க ஆளு உயிரோட இருந்தவரை வரலையே! எந்தக் கடையில கிடைக்குது?"

முளை வந்தது. இலை வந்தது. பச்சைப் பசேலென்று, தண்டு மட்டும் வெள்ளை வெளேரென்று. வின்கோ ஒரு தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏன் நெதில்கா, தண்டு சிவப்பா வரவேணாமா?"

"கீரைத்தண்டு எதுக்குங்க சிவப்பா வரணும்?"

"இல்ல... வெயில்ல நிக்குதே, கறுத்துச் சிவந்து போகுமேன்னு கேட்டேன்."

"உங்க கழுத்துதான் சிவந்துபோச்சு. தொப்பி போட்டுக்கங்க."

வெள்ளைத்தண்டுப் பீட்ரூட்டும் உண்டாயிருக்கும், புது ரகம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிடலாம்தான். ஆனால் தட்டில் வைக்கவேண்டிய கிழங்கைப் பிஞ்சிலேயே பிடுங்க மனம் வரவில்லை. இலையைக் கிள்ளினால் கிழங்கு சிறுத்துப்போகும் என்று மட்டும் சின்ன வயதில் கேட்ட ஞாபகம்.

"இப்ப கிள்ளாதே. பாவோ வரும்போது மொத்தமா எடுப்போம்."

"நீங்க சொன்னா சரிங்க."

கல்யாணமான நாள் முதல் அவள் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. அப்போதே அவன் பயந்திருக்கவேண்டும். பயப்படாமல் பெருமைப்பட்டான். அதுவரை சமையலுக்கு லூத்சேயின் தோட்டத்துக் கீரையே வந்துகொண்டிருந்தது.

மார்ட்டின் திருநாள். புது ஒயினுக்குக் குப்பி திறக்கும் நாள். பாவோ வந்து இறங்கியதும், தோள்பையைக்கூட வைக்க விடாமல் வின்கோ அவனைப் பின்பக்கம் இழுத்துப்போனான். பாத்தியில் கீரை இடுப்பளவு நின்றது. ஒவ்வோர் இலையும் யானைக்காது.

"பார்த்துக்கோ," என்று குனிந்து, இரண்டு கையாலும் பற்றி, மூச்சைப் பிடித்து இழுத்தான்.

வந்தது எலிவால்.

அடுத்ததை இழுத்தான். எலிவால். அதற்கடுத்ததில் எலிக்கு இரண்டு வால்.

"ஐயையோ, கீரையை ஏங்க வேரோட பிடுங்குறீங்க?" என்று வாசலிலிருந்து நெதில்காவின் குரல் வந்தது. பாவோ மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வின்கோ கட்டிய மதில். அசையவே இல்லை.

மேசையில் முதல் கரண்டி கீரை விழுந்தது. "ஆகா," என்றான் வின்கோ.

"சத்தம் பத்தலை, அண்ணே."

"ஆகா!"

இரண்டாவது கரண்டிக்கு 'ஆகா' சொல்ல வின்கோ வாயைத் திறந்த நேரத்தில் லூத்சே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். கிண்ணத்தில் வட்டம் வட்டமாக, செக்கச்செவேலென்று, ஜன்னல் கண்ணாடி போல ஒளிவிட்டுக்கொண்டு...

"என் கோழி முற்றத்துல தானா முளைச்சுது, நெதில்கா. யாரு போட்டாங்களோ தெரியல. கோழிக்கழிவுல ஒவ்வொண்ணும் என் தலை பெரிசுக்கு ஊதிக்கிடக்கு. எனக்கு வாயில வைக்கப் பிடிக்காது. இவங்க ஊர்ல சாப்பிடுவாங்களேன்னு வினிகர்ல போட்டுக் கொண்டுவந்தேன்."

பாவோ ஒரு வட்டத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினான். "அம்மா கைப்பக்குவம்! லூத்சேக்கா, இந்தத் தீவுல விவசாயம் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

"அது என்..." என்று எழுந்தான் வின்கோ.

"உங்க?" என்றாள் நெதில்கா, அன்பே உருவாக.

என் விதை என்று சொல்ல வாயெடுத்தான். எப்படி அங்கே போனது என்று கேட்பாளே? உன் அம்மா வழிக் கீரை விதையென்று நினைத்துக் கோழிக்கு வீசினேன் என்று எந்த வாயால் சொல்வது? உட்கார்ந்தான்.

"என்... என் தட்டுல இன்னும் கொஞ்சம் கீரை போடேன்."

அவள் மூன்றாவது கரண்டியோடு குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "குளிர்காலக் கோட்டுக்குப் பூச்சி பிடிக்கும்ங்க. வருஷா வருஷம் ஜூலையிலதான் வெயில்ல போடுவேன். இந்த வீட்டுல இத்தனை காலமா இருக்கீங்க, பார்த்ததே இல்லையா? பொட்டலத்துல இருந்தது டப்பாவுக்கு, டப்பாவுல இருந்தது பொட்டலத்துக்குன்னு மாத்தி வச்சேன். மிச்சத்தை நீங்களே பாத்துக்கிட்டீங்க."

வின்கோ கிண்ணத்தைப் பார்த்தான். தன் கையாலேயே வீசிய விதை. குனியாமல், தண்ணீர் ஊற்றாமல், ஒரு கல்கூடப் பொறுக்காமல் விளைந்த ஒரே பயிர். கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்தது. கையை நீட்டினான். பாவோ கடைசி வட்டத்தையும் எடுத்துவிட்டான்.

நெதில்கா கணவனின் சிவந்த கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

"வருத்தப்படாதீங்க. அடுத்த வருஷம் என்ன விதைக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. மாத்துறதை நான் பாத்துக்கறேன்."

"ஆகா," என்றான் வின்கோ.