சமையலறைப் படிக்கட்டில் ஒரு ராஜா

மெரிதா நகரத்தில் ஓட்டல் வேலை பார்க்கும் மதிப்பிற்குரிய ஃபெர்மின் மாமாவுக்கு, அக்கா மகள் நெய்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே கோழிகளும் பன்றியும் சுகம். மற்றவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போகிறது.

ஊரில் பழசைத் தோண்ட வந்திருக்கும் அகழாய்வு டாக்டரம்மா நம் சமையலறைப் படிக்கல்லைப் புரட்டினார். அடிப்பக்கம் செதுக்கிய ஒரு ராஜா! ராஜாக்கள் விழுந்த பிறகு நம் முன்னோர்கள் பெரிய கோயிலைக் கைவிட்டு, ராஜா கல்லைப் பெயர்த்து வந்து குப்புறப் போட்டு, அதன்மேல் சின்னக் கலயம் வைத்து வீட்டுச் சாமிக்குக் குங்கிலியம் போட்டார்களாம். கரியும் கலய ஓடும் சாட்சி. "ஒரு சமூகமே மாறினதுக்கு அத்தாட்சி!" என்று டாக்டரம்மா அழுதேவிட்டார். இதற்கா அழுவது? அப்பா போன வருஷம் அந்தோணியாரை ஊர்வலமாகத் தூக்கினார். இந்த வருஷம் போதகர் எலெயாசரிடம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, அதே அந்தோணியாரைக் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். நம் ஆட்கள் எந்தச் சாமியையும் எறிவதில்லை. கவிழ்த்துப் போட்டு வேலை வாங்குவார்கள்.

டாக்டரம்மா கல்லை மல்லாக்கப் போட்டு, "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய்விட்டார். போதகர் வந்து பார்த்துவிட்டு, "விக்கிரகத்தை மிதிச்சுக்கிட்டா உள்ள போய்த் தின்னுறீங்க? ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் உடைச்சிரணும்" என்றார். உடனே அப்பா சம்மட்டி இரவல் வாங்கி வந்துவிட்டார்; சொந்தமாக ஒரு சம்மட்டி இல்லாத வீரர்! அம்மாவோ, "அது மேலதான் படுத்திருப்பேன். மொத அடி எனக்கு விழட்டும். ஆணியையே நேரா அடிக்கத் தெரியாத மனுஷனுக்குக் கல்லு கேக்குதோ?" என்கிறாள். சொன்னால் படுத்தேவிடுவாள் மாமா. அப்பாவுக்குக் குறி நிச்சயம் தப்பும். காலை வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து தடுங்கள்.

பரமபிதா, அந்தோணியார், ராஜா ஆகியோரில் அன்றைக்கு யாருக்கு வசதிப்படுகிறதோ அவர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
நெய்டி

பின்குறிப்பு: வர வேண்டாம். சமையலறைப் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா மண்டியிட்டு ராஜாவுக்குச் சோளக்கஞ்சி ஊற்றி, "கோவிச்சுக்காதீங்க ஐயா, பாஸ்டருதான் உடைக்கச் சொன்னாரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் வேலியைத் தாண்டினார். போதகர்! அவர் கையிலும் ஒரு கஞ்சிக் குடுவை.

"பாஸ்டரே, நீங்களுமா?"

"மெதுவாப் பேசுப்பா. மழையில்லாம என் கொல்லையிலயும்தான சோளம் காயுது?"

மழை பெய்கிறவரை கல்லை உடைப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்து கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆகையால் மாமா, மழை வந்துவிடக் கூடாது என்று அங்கே உங்களுக்குத் தெரிந்த சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.