இன்னும் ஒரே ஒரு சூடு

கம்பம் பள்ளத்தாக்கில் யானை உண்டு, காட்டெருமை உண்டு. இரண்டையும்விட அதிகமாகத் திரிகிற பிராணி ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'முடிஞ்ச மாதிரிதான்' ஆசாமி. கல்யாண வீட்டில், பஞ்சாயத்தில், பாதி எழும்பிய சுவரருகில் எங்கும் மேயும். அசல் ரகம் பார்க்க வேண்டுமானால், நீங்கள் எண்பத்திரண்டில் எங்கள் ஊர்க் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அங்கே புரொபசர் ஞானசிகாமணி, உப்பில் இருக்கிற சோடியத்தை வைத்து பேட்டரி செய்துகொண்டிருந்தார். உள்ளே திராவகம் கிடையாது. கெட்டியான ஒரு வில்லை. அதற்குள் சோடியம் நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். பொடியைக் கல்வத்தில் அரைப்பார், அழுத்தி வில்லையாக்குவார், மின்சார உலையில் பத்து மணி நேரம் சுடுவார், ஆறவிட்டுத் திறப்பார். வெடித்திருக்கும். நீங்களும் நானுமென்றால் தலையில் கை வைப்போம். அவரா?

"போன தடவை மூணு கீறல், இப்ப ரெண்டுதான்! முடிஞ்ச மாதிரிதான். இன்னும் ஒரே ஒரு சூடு!"

இதை நம்பித் தொலைத்தவர் மார்க்கையன்கோட்டை சுருளியாண்டி. அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அந்தக் கோடையில் கரண்ட் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம்கூட இருந்ததில்லை. மோட்டார் ஓடாமல் கொடி வாடியது. டீசல் என்ஜின் வாங்கக் கிளம்பியவரை பஸ் நிறுத்தத்தில் மறித்தார் புரொபசர்.

"எதுக்குய்யா என்ஜின்? என் பேட்டரியில கரண்டைச் சேத்து வச்சுக்கிட்டா மோட்டாரு நிக்காம ஓடும்."

"எப்ப சார் வரும்?"

"முடிஞ்ச மாதிரிதான்!"

படித்த மனுசன் சொன்னால் தட்ட முடியுமா? வீடு திரும்பி, "சாரு சொல்லிட்டாக," என்றார் மனைவி பவுனுவிடம்.

"அவுக சொல்லுவாக. வெத்தலை கேக்குமா?"

வெற்றிலை கேட்கவில்லை. சுருளியாண்டி வாரா வாரம் போய் விசாரித்தார். இரண்டு கீறல், ஒரு கீறல், மறுபடி மூன்று. ஏன் தெரியுமா? உலை சூடேறுகிற நேரமாகப் பார்த்துக் கரண்ட் போகும். வில்லை சட்டென்று குளிர்ந்து வெடிக்கும். நானே நேரில் போய்ச் சொன்னேன்.

"கரண்டு போனா உங்க வேலையே நடக்கலையே, சார்!"

"பாத்தியா? அதனாலதான்யா பேட்டரி அவசியங்கிறேன்!"

ஆடி பிறப்பதற்குள் பாதிக் கொடிக்கால் கருகிவிட்டது. எனக்கே வயிறு எரிந்தது. பவுனுவுக்கு எப்படி இருக்கும்? காதுத் தோட்டைக் கழற்றிப் புருசன் கையில் வைத்து என்ஜின் வாங்கிவரச் சொன்னாள். அது தடதடவென்று ஓடிய முதல் நாளே, கருகிய கொடிகளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார் புரொபசர். வருத்தம் சொல்ல வந்தாராக்கும் என்று நினைத்தோம்.

"சுருளியாண்டி, இதுல ஒரு டைனமோ மாட்டலாமா? உலையை இங்கனயே கொண்டாந்துர்றேன். ஒரே ஒரு சூடுதான்!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே ஒன்று சொல்லுங்கள்: 'முடிஞ்ச மாதிரிதான்' என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது யாரிடம்? அவர் இன்னும் என்ஜின் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறாரா?