அத்தையின் முழங்காலும் என் காதில் அடித்த மணியும்

மருந்து கொடுக்கிறவனுக்கு அதைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஹந்தானைக் கோப்பித் தோட்டத்தில் மருந்துப் பெட்டிச் சாவி என் இடுப்பில் ஏறி அப்போது ஒன்பது நாள். (கொஞ்சம் இங்கிலீசு வாசிப்பேன் என்பதுதான் என் வைத்தியப் படிப்பு.)

அது பழம் பறிக்கும் காலம். என் மாமியார் மாரியாயிக்கு முழங்கால் இரண்டும் வாதத்தில் வீங்கி, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் வாசலைத் தாண்ட முடியவில்லை. திங்கட்கிழமை காலைப் பிரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். பேர் போனால் லயத்து அறையும் போகும்.

நல்லவேளையாக, கண்டி டாக்டர் சாலிசிலேட் என்ற வெள்ளைத் தூளைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பியிருந்தார். மூட்டு வீக்கத்துக்குச் சீமையிலிருந்து புதிதாக வந்த மருந்தாம். கூடவே ஒரு கடுதாசி. அதை வாசிக்காமலே மடித்து வைத்தேன். வாதத்துக்கு மருந்து என்றால் விடியற்காலை, வெறும் வயிறு, பத்தியம். இதுகூடவா எனக்குத் தெரியாது?

"மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாது அத்தை" என்றேன்.

"வெள்ளக்காரன் மாவு மாப்பிள்ள. பயமா இருக்கு."

அங்கேதான் என் வீரம் கிளம்பியது. "நானும் குடிக்கிறேன், பாருங்க!" மூன்று நாள் விடியலிலும் அவருக்கு ஒரு பொட்டலம், எனக்கு இரண்டு. (ஆண்பிள்ளை அல்லவா!)

திங்கட்கிழமைப் பிரட்டில் என் வயிறு அடுப்பாக எரிந்தது. காதுக்குள் கோயில் மணி விடாமல் அடித்தது, வேறெதுவும் கேட்கவில்லை. துரையின் உதடு அசைந்தது. "மருந்து அருமையா வேலை செய்யுது தொரை!" என்று மலை அதிரக் கத்தினேன். கத்திய வேகத்தில் அவர் கால் சப்பாத்தின் மேலேயே வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தேன்.

என்னைத் தூக்க முதலில் ஓடி வந்தது யார் தெரியுமா? அத்தை! பழக் கூடையோடு, பிரட்டு மேட்டில், ஓட்டமாக. துரை அதைப் பார்த்தார். பேரை வெட்டவில்லை.

ஒருவழியாகக் காது திறந்ததும் கேட்டேன். "உங்களுக்கு மட்டும் எப்படி அத்தை ஒண்ணும் ஆகல?"

"வெறும் வயித்துல அந்த மாவ யாரு குடிப்பா? நீங்க வர முன்னுக்கே பழைய சோறு தின்னுட்டுத்தான் இருந்தேன்."

கடுதாசியை அப்போதுதான் விரித்தேன். முதல் வரியே, சாப்பிட்ட பிறகு கொடுக்கவும் என்றிருந்தது.

கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. இன்றும் நான் சாப்பிட வரச் சுணங்கினால், "காதுல மணி அடிக்கிறதுக்குள்ள வாங்க" என்பாள் என் மனைவி. பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அத்தை மட்டும் சிரிப்பதில்லை. லயம் லயமாக நடந்துபோய்ச் சொல்லிவருகிறார்: "எம் மாப்பிள்ள எனக்காக ரெண்டு பொட்டலம் குடிச்சவரு!"