இயந்திரம் சோதித்த திருநீறு

பேர்லினில் ஒரு சுகாதார அலுவலகம் இருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். மறுப்புக் கடிதம் எழுதுவதற்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. பொதுமக்களின் உடல்நலனைக் கருத்திற்கொண்டு, 2006ஆம் ஆண்டு அந்த அலுவலகம் ஓர் இயந்திரம் வாங்கியது. எந்தத் தூளைப் போட்டாலும் அதில் போதைப்பொருளோ நஞ்சோ இருக்கிறதா என்று சொல்லிவிடும். அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பெயர் வெர்னிக்கெ. பாவம், வாங்கிய நாள் முதல் இயந்திரத்துக்கு வேலையே இல்லை. போதைப்பொருள் விற்பவர்கள் ஒருவரும் மாதிரி கொண்டுவந்து கொடுக்கவில்லை. இப்படியே போனால் இயந்திரத்தை ஹனோவருக்கு அனுப்பிவிடுவோம் என்று மேலிடம் எச்சரித்தது.

அந்த நேரம் பார்த்துச் சுரங்க ரயிலில் யாரோ ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையைத் தவறவிட்டார்கள். உள்ளே சாம்பல் நிறத் தூள். வெளியே பேர்லின் நொய்கெல்ன் பகுதி வைரவர் கோயிலின் முகவரி. முகவரியையும் அச்சடித்துத் தூள் கொடுக்கிறார்கள் என்றால் என்ன துணிச்சல் இருக்கவேண்டும் என்று வெர்னிக்கெ வியந்துபோனார்.

கோயில் தலைவர் சிறீதரன் அண்ணைக்கு இன்ன நாளில் வந்து பார் என்று ரேர்மின் போட்டுக் கடிதம் வந்தது. அண்ணை பகலில் உணவகத்தில் சமையல், மிச்ச நேரமெல்லாம் கோயில். அந்த வருஷத் திருவிழா அவருக்குச் சாதாரணமானது இல்லை. டொக்டர்மார் கையை விரித்த பிறகு, மனைவி கமலநாயகி வைரவரின் திருநீற்றைப் பூசித்தான் எழும்பினா என்பது அவருடைய நம்பிக்கை. அதற்காகத் திருவிழாவில் கோயிலைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்வதாக நேர்ந்திருந்தார்.

அண்ணை அலுவலகம் போனதும், இயந்திரம் போதைப்பொருள் இல்லை என்று சொல்லிவிட்டது என்றார் வெர்னிக்கெ. அண்ணை நன்றி சொல்லி எழும்பினார். அதிகாரி உட்காரச் சொன்னார். ஒரு தூள் எது இல்லை என்று மட்டும் தெரிந்தால் போதாதாம். எது என்றும் தெரிந்தால்தான் கோப்பை மூடலாமாம்.

நெற்றியில் பூசுவோம் என்றார் அண்ணை. அப்படியானால் ஒப்பனைப் பொருள், எதில் செய்தது? பசுஞ்சாணத்தில். அதிகாரி அதை எழுதி அடிக்கோடிட்டார். வாயிலும் கொஞ்சம் போடுவோம் என்று அண்ணை உண்மையை மறைக்காமல் சொன்னார். அப்படியானால் உணவு, காலாவதித் திகதி எங்கே? எரிந்து முடிந்த சாமான் இனி எப்படிப் பழுதாகும் என்று அண்ணை கேட்டது குறிப்பில் ஏறவில்லை.

"சரி, இதனால் என்ன நன்மை?"

இங்கேதான் அண்ணை சறுக்கினார். தங்கள் கோயிலைப் பற்றி யாராவது கேட்டால் நம்மவர்களுக்கு அளந்து பேச வராது.

"தீராத நோய் வருத்தமெல்லாம் தீரும் ஐயா. என்ர மனிசி எழும்பினதே இதாலதான்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் இது மருந்து."

மருந்து என்றால் முறைப்படி பரிசோதிக்க வேண்டும். பாதிப் பக்தர்களுக்கு உண்மைத் திருநீறு, மீதிப் பேருக்குப் பொய்த் திருநீறு. யாருக்கு எது என்று பக்தருக்கும் தெரியக்கூடாது, கொடுக்கும் ஐயருக்கும் தெரியக்கூடாது. வைரவருக்குத் தெரியுமே என்றார் அண்ணை. பரிசோதனை முடியும்வரை அவரை வேறு அறையில் வைக்கலாமா என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். எல்லாம் முடியச் சில வருஷம் பிடிக்கும். அதுவரை ஒருவருக்கும் திருநீறு கொடுக்கக்கூடாது. கொடுத்தால் திருவிழாவுக்கு அனுமதி இல்லை.

அண்ணை அழாக்குறையாக வேறு வழி கேட்டார். இருந்தது.

"இதற்கு எந்தப் பலனும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள். பலன் இல்லாத பொருளுக்குச் சட்டமும் இல்லை. இயந்திரம் சொன்னதையும் சேர்த்து எழுதி, நானே முத்திரை குத்திப் பத்திரம் தருகிறேன்."

அண்ணை பேனாவை எடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கமலநாயகியின் முகம் கண்ணுக்குள் வந்தது. திருநீறு இல்லாமல் ஒரு திருவிழாவை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. வைரவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எந்தப் பலனும் இல்லாத பொருளொன்று வெற்றிகரமாகக் கண்டறியப்பட்டது என்று வெர்னிக்கெ மேலிடத்துக்கு எழுதினார். இயந்திரம் பேர்லினிலேயே தங்கியது. அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

அண்ணைக்கோ சோறு இறங்கவில்லை. கோயில் நிர்வாகக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பத்திரத்தை ஜெர்மனில் வாசித்து, தமிழிலும் சொன்னார்: இந்தத் தூளால் எவருக்கும் எந்தப் பலனும் கிடையாது. கமலநாயகியும் கேட்டுக்கொண்டு இருந்தா. அடி விழும் என்று அண்ணை தலையைக் குனிந்தபடி நின்றார். செயலாளர் ராசன் பத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முத்திரை ஆற்ற?"

"ஜெர்மன் அரசாங்கத்தின்ர."

"பிறகென்ன அண்ணை? பிறேம் போடுவம்."

மூலஸ்தானத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ஜெர்மன்காரனே சோதித்து ஒப்புக்கொண்ட திருநீறு என்று பேச்சுப் பரவி, தூரத்து வுப்பர்டாலில் இருந்து பஸ் பிடித்துச் சனம் வந்தது. ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவர்களும் பத்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் ஒற்றினேன். ஹனோவர் கம்ப்யூட்டர் இன்ஜினியர் சேஷாத்ரி மட்டும் நின்று முழுவதும் வாசித்தார். "லெட், அதான் ஈயம்கூட இல்லையாம், சூப்பர் குவாலிட்டி" என்று சொல்லிக் கைநிறையத் திருநீற்றுப் பாக்கெட் அள்ளிக்கொண்டு போனார்.

திருவிழா சிறப்பாக நடந்தது. அண்ணை பிரதட்டையும் செய்து முடித்தார். மறுநாள் காலை கமலநாயகிக்குத் தலையிடி. அண்ணை சாமியறையில் இருந்த தகரப் பேணியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் பூசியதில் மிச்சமிருந்த திருநீற்றைப் பக்தியோடு தொட்டு எடுத்து வந்தார். கமலநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"அது வேண்டாமப்பா. அதை ஆர் சோதிச்சது? முத்திரை குத்தினதில கொஞ்சம் கொண்டுவாங்கோ."